வாடகை மோட்டாரும் வாய்ச்சொல் உறவும்

சென்ற மாதம் மலேசியாவிலுள்ள ஈப்போ நகரிலிருந்து நமது நண்பர் ஒருவர் விடுமுறைக்கு மதுரை வந்திருந்தார். அவருடைய பாட்டனார் மேலூர்த் தாலுகாவைச் சேர்ந்த ஒரு கிராமத்தினின்று கப்பலேறிப் போய் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பிழைத்தவர். தகப்பனாரும் நண்பரும் அங்கேயே பிறந்தவர்கள். பாட்டனார் பேசிய தமிழை நண்பர் இன்னும் பேசுகிறாராயினும் அவர் அந்நாட்டுப் பிரஜை. நம் ஊர் அவருக்குச் சட்டப்படி அந்நிய தேசத்து ஊர். ஒருவர் துணையுமின்றித் தாமே வண்டியோட்டிச் சென்று பாட்டனார் பிறந்த தெருவைப் பார்க்க வேண்டும். மனம் போன இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு வேப்பமரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ‘நேரமாகிறது, சார்’ என்று யாரும் சொல்லலாகாது. இதுவே அவருடைய ஆசை. இதில் தவறொன்றும் இல்லை.

அதற்கு வேண்டிய யோக்கியதையும் அவரிடம் இருந்தது. 1949-ஆம் வருஷத்து ஜினீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் இந்தியாவும் மலேசியாவும் சேர்ந்திருக்கின்றன. அதன்படி தம் நாட்டு அதிகாரிகளிடம் சர்வதேச ஓட்டுநர் பத்திரம் பெற்று வந்திருந்தார். அங்கும் இங்கும் வண்டி செல்வது சாலையின் இடப்புறமே. ஆகவே ஒரு நாள் காலை அவர் நமது காரியாலயத்து வாசலில் ஒரு காரைத் தாமே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியபோது, நாம் சந்தோஷத்துடனேயே எழுந்து வெளியே போனோம். வண்டியின் நம்பர் பலகையைப் பார்த்தவுடன் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

பலகை வெள்ளை, எழுத்துக் கறுப்பு. இது சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்த வண்டியின் அடையாளம். ஊரார் இதனை ‘ஓன் போர்டு’ என்பர். ஓட்டுநருடன் வாடகைக்கு ஓடும் டாக்ஸிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வாடகைக்கு எடுத்தவரே ஓட்டிக்கொள்வதற்கென்று அனுமதி பெற்ற வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. இந்த மூன்றாவது ரகம் மதுரையில் இல்லவேயில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ரயிலடியிலோ மாட்டுத்தாவணியிலோ விமான நிலையத்திலோ இறங்கும் ஒரு பிரயாணியின் கைக்கு எளிதில் எட்டுவது அதுவன்று. வெள்ளைப் பலகை வண்டியே ஆகும்.

“இதை யார் கொடுத்தார்?” என்றோம். தாம் தங்கியிருந்த விடுதியில் விசாரித்து, அவர்கள் சொன்ன ஒருவரிடம் பெற்றதாக நண்பர் சொன்னார். “வாடகைச் சீட்டு எங்கே?” சீட்டு இல்லை. “பிணை என்ன?” பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களாம்! “வழியில் யாராவது மறித்தால்?” நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “வண்டிக்காரருடைய மைத்துனர் என்று சொல்லிவிட வேண்டுமாம்.”

அந்நிய நாட்டில் பாஸ்போர்ட்டை முன்பின் அறியாத ஒருவரிடம் அடகு வைப்பது எவ்வளவு அவிவேகமான காரியம் என்பதை நாம் விஸ்தரிக்க வேண்டுவதில்லை. தாம் இன்னார், இத்தேசத்தில் இருக்க உரிமையுள்ளவர் என்று காட்டுவதற்கு அவரிடமுள்ள அத்தாட்சி அது ஒன்றே. ஆயினும் அன்று நம் மனத்தை அதிகமாக உறுத்தியது அந்த ‘மைத்துனர்’ என்னும் சொல்தான். அச்சொல்லை நாம் முன்பும் ஒரு முறை கேட்டிருக்கிறோம். கேட்ட இடம் நியாயஸ்தலம்.

பத்திரிகைத் தொழிலோடு வக்கீல் தொழிலையும் நாம் நடத்தி வருவதை நேயர்கள் அறிவர். சில வருஷங்களுக்கு முன்னர், மோட்டார் விபத்து நஷ்டஈட்டு மன்றத்தில் ஒரு குடியானவருக்காக நாம் ஆஜரானோம். வைக்கோற் கட்டைச் சைக்கிளில் ஏற்றித் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த அவரை ஒரு கார் மோதிற்று. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வண்டி வெள்ளைப் பலகை வண்டி. ஓட்டியவர் வெளி மாகாணத்திலிருந்து யாத்திரையாக வந்தவர். சொந்தக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறி, தாம் வாடகைக்கு விடவில்லையென்றும், தம் மனைவியின் உடன்பிறந்தானுக்குத்தான் இரவல் கொடுத்ததாகவும் பிரமாணம் செய்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் அவரிடம் வேறொன்றும் கேட்கவில்லை. “உம்முடைய மாமனார் பெயர் என்ன?” என்று மட்டும் கேட்டார். அவர் உண்மைப் பெயரைச் சொன்னார். வக்கீல், வண்டியோட்டியவருடைய லைசென்ஸை எடுத்து அதில் கண்ட தகப்பனார் பெயரை வாசித்தார். பெயர் வேறு, ஊர் வேறு, பாஷையே வேறு. கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நமது கக்ஷிக்காரர் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று நம்மைக் கேட்டார்.

அவருக்கு நாம் என்ன சொல்வது? அந்தப் பொய் நிலைத்திருந்தால் அவருக்கு அனுகூலம். ஏனெனில், பெர்மிட் இல்லாத வண்டியைக் கூலிக்கு விடுவது இன்ஷூரன்ஸ் ஷரத்தை மீறுவதாகும். அவ்வாறு மீறியிருப்பதாக நிரூபித்தால் தன் பொறுப்பை மறுத்து வாதிக்க 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், அதன் 150-வது பிரிவில், கம்பெனிக்கு இடம் தருகிறது. ஆகவே பொய் என்று நன்றாகத் தெரிந்தும், சொந்தக்காரர் சாட்சி சொன்னபோது நாம் வாய்மூடி உட்கார்ந்திருந்தோம். இதனை இன்று வெளிப்படச் சொல்வதில் நமக்குப் பெருமை ஒன்றுமில்லை.

மன்றம் இரக்கத்துடனேயே தீர்ப்புச் செய்தது. கம்பெனி முதலில் காயமுற்றவருக்குத் தொகையைக் கொடுத்துவிட வேண்டியது. பிறகு அதனை வண்டிக்காரரிடம் வசூல் செய்துகொள்ள வேண்டியது. ஸுப்ரீம் கோர்ட்டு 2004-ஆம் வருஷத்தில் ஸ்வரண் சிங் வழக்கிலும், பெர்மிட் இல்லாத வண்டியைப் பற்றி 2018-ஆம் வருஷத்தில் அம்ருத் பால் சிங் வழக்கிலும் கைக்கொண்ட வழி இதுவே. சட்டம் கைவிட்டுவிடவில்லை என்று சிலர் இதனைக் கேட்டுத் திருப்தியடையலாம். ஆனால் கம்பெனி அப்பீல் செய்தது. அப்பீல் முடிந்து பணம் கைக்கு வருவதற்குள், குடியானவர் தம்மிடமிருந்த அரை ஏக்கர் நிலத்தை விற்று வைத்தியம் பார்த்துவிட்டார். பின்னர்க் கம்பெனி வசூலுக்குப் புறப்பட்டது. வண்டிக்காரருடைய வீட்டின் மேல் ஜப்தி வந்தது. வண்டியோட்டிச் சென்ற ‘மைத்துனரை’ அதன் பிறகு ஒருவரும் கண்டதில்லை.

சாலையில் நடப்பவனுடைய கதி இது. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவனுடைய கதி இன்னும் பரிதாபம். கட்டாய இன்ஷூரன்ஸ் என்பது முக்கியமாகச் சாலையிலுள்ள மூன்றாம் கக்ஷிக்கு. சொந்த வண்டியில் ஏறிய பிரயாணியை அந்தச் சாதாரண பாலிஸி காக்காது. அதிகப் பிரீமியம் கட்டிய முழுப் பாலிஸியோ, வண்டி கூலிக்கு விடப்பட்டது தெரிந்தவுடன் மறுக்கப்படும். 2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், ஆலப்புழைக்கு அருகே களர்கோட்டில், ஒரு கார் மழையில் நிலைதவறி அரசாங்க பஸ்ஸின்மேல் மோதி மருத்துவ மாணவர்கள் பலர் மாண்டனர். அந்தக் காரும் சொந்த உபயோக வண்டியே. அதனை வாடகைக்குக் கொடுத்தார் என்று சொந்தக்காரர்மேல் கேரள அதிகாரிகள் நடவடிக்கை எடுத்தார்கள். மலைக்கு அப்பால் நடந்ததுதானே என்று நாம் இருந்துவிடலாமா?

இவற்றையெல்லாம் நண்பருக்குச் சொல்லி, வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பாஸ்போர்ட்டை மீட்டு வருவதற்காக அவருடன் நாமும் போனோம். அங்கே ஒரு தந்திரசாலியைச் சந்திக்கப் போகிறோம் என்று எண்ணியிருந்தோம். முப்பது வயதுள்ள ஓர் இளைஞர் வந்தார். வீட்டின் முன்னறையில் அவருடைய தாயார் பூக்கட்டிக்கொண்டிருந்தார். நாம் வக்கீல் என்று தெரிந்ததும் முகம் வெளுத்து, பாஸ்போர்ட்டை உடனே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். வாங்கிய பணத்தையும் எண்ணி வைத்தார். பிறகு நின்றபடியே சொன்னார்: “ஐயா, கடன் வாங்கித்தான் இந்த வண்டி எடுத்தேன். மாசம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். முறைப்படி லைசென்ஸ் எடுக்கலாம் என்று ஆபீசில் போய்க் கேட்டேன். ஐம்பது வண்டி இருந்தால் வா என்கிறார்கள். ஐம்பது வண்டிக்கு நான் எங்கே போவேன்?”

அவரைக் கண்டிக்க வந்த நமக்கு அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து புஸ்தகத்தை எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னது உண்மையே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-வது பிரிவின்படி இந்திய சர்க்கார் 1989-ஆம் வருஷத்தில் வாடகைக் கார் திட்டம் ஒன்றை வகுத்தது. வாடகைக்கு எடுப்பவரே ஓட்டிக்கொள்ளும்படி வண்டி விட விரும்புகிறவர் அதன்படி லைசென்ஸ் பெற வேண்டும். அவரிடம் ஐம்பது வண்டிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவற்றுக்கு இன்ஷூரன்ஸும் சுற்றுலாப் பெர்மிட்டும் இருக்க வேண்டும். பாதி வண்டிகளுக்குக் குளிர்சாதனம் இருக்க வேண்டும். ஒரு சிறிய வண்டி ஐந்து லட்ச ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஐம்பது வண்டிக்கு இரண்டரைக் கோடி ஆயிற்று. பம்பாயிலும் டில்லியிலும் உள்ள பெரிய முதலாளிகளுக்கு இது ஒரு தொகையன்று. மதுரையில், அதுவும் சொந்தமாக ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்துப் பிழைப்பவருக்கு, கதவு திறக்குமுன்பே சாத்தப்பட்டதாகும்.

இதே சர்க்கார் 1997-ஆம் வருஷத்தில் மோட்டார் சைக்கிளுக்கும் இதே மாதிரி ஒரு திட்டம் வகுத்தது. அதற்கு ஐந்து வண்டி இருந்தால் போதும்! இரண்டு சக்கரத்துக்கு ஐந்து, நான்கு சக்கரத்துக்கு ஐம்பது என்னும் இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கோ நாம் அறியோம். பெரிய கம்பெனியானால் வண்டியைச் செவ்வையாக வைத்திருக்கும், நஷ்டம் வந்தால் ஓடிவிடாது என்று அதிகாரிகள் நினைத்திருக்கலாம். அந்த நினைப்பில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பலன் என்னவாயிற்று? வண்டி கேட்கும் பிரயாணிகள் இருக்கிறார்கள். வண்டி கொடுக்கச் சித்தமாயிருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இடையில் விதி நிற்கிறது. ஆகையால் வியாபாரம் விதிக்குப் புறம்பே போய்விட்டது. பெர்மிட் இல்லாமல் வண்டியைக் கூலிக்கு விட்டால், முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறையும் பதினாயிரம் ரூபாய் அபராதமும் என்று 192-ஏ பிரிவு மிரட்டுகிறது. மிரட்டலுக்குப் பயந்து வியாபாரம் நிற்கவில்லை. ‘மைத்துனர்’ பிறந்தார், அவ்வளவே.

இவ்வூருக்கு அந்த வியாபாரமே வேண்டாம் என்போரும் உண்டு. அந்நியர் நம் சாலைகளில் ஏன் தாமே ஓட்ட வேண்டும், டாக்ஸியும் ஓட்டுநரும் இல்லையா என்று நமது சிநேகிதர் ஒருவரே கேட்டார். இதில் பாதியை நாம் ஒப்புக்கொள்கிறோம். வருகிறவர்களில் மிகப் பலருக்கு ஓட்டுநருடன் செல்வதே உசிதம், செலவும் அதிகமில்லை, அதனால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. நண்பரை நாம் மறுநாள் அனுப்பியதும் ஒரு மஞ்சள் பலகை வண்டியில்தான். நாமும் கூடவே சென்றோம்.

ஒத்தக்கடையில் யானைமலையைக் கடந்து, சிட்டம்பட்டிச் சுங்கத்தில் பணம் கட்டி, மேலூர்ச் சாலையில் போகும்போது, தாமே ஓட்டாததன் அனுகூலத்தை நண்பர் பிரத்தியக்ஷமாகக் கண்டார். நாலுவழிச் சாலையில், நமக்கு எதிராக, நம் பக்கத்திலேயே ஒரு டிராக்டர் நிதானமாக வந்தது. நண்பர் இருக்கையைப் பற்றிக்கொண்டார். ஓட்டுநர் கோபிக்கவில்லை. “வயல் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம், சார். திரும்புகிற இடம் வெகு தூரம். அவர் வேறே என்ன செய்வார்?” என்று ஒதுங்கி வழிவிட்டார். அது அறுப்புக் காலம். பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் விளைந்த நெல்லைப் பக்கத்துச் சாலையில் பாதி அகலத்துக்குக் காயப்போட்டு, கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். அந்தக் கல்வரிசை எந்தத் தேசத்துச் சாலை விதிப் புஸ்தகத்திலும் இல்லாத அடையாளம். ஈப்போவில் இருபது வருஷம் ஓட்டியவரும் இரவில் அதன்மேல் ஏற்றிவிடுவார். அப்போது சேதம் வண்டிக்கு மட்டுமா? நெல்லுக்குக் காவலாக அதன் ஓரத்திலேயே ஒருவர் படுத்திருப்பாரே!

கிராமத்தில் நண்பர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். ஓட்டுநர் ‘நேரமாகிறது’ என்று சொல்லவில்லை. தேநீர்க் கடைக்குப் போய் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். திரும்பும் வழியில் அவரை விசாரித்தோம். ராமேசுவரம், கொடைக்கானல், மூணாறு என்று நாட்கணக்கில் அந்நிய நாட்டாருடன் சுற்றும்போது, பல இரவு வண்டிக்குள்ளேயே கால் மடக்கிப் படுப்பதாகச் சொன்னார். விடுதிகள் கட்டும்போது விருந்தினரின் ஓட்டுநர்களுக்குப் படுக்கையிடமும் கழிப்பிடமும் அமைக்க வேண்டுமென்று தமிழ்நாட்டு சர்க்கார் 2023-ஆம் வருஷத்தில் கட்டிட விதிகளைத் திருத்திற்று. “விதி வந்தது எனக்கும் தெரியும், சார்” என்றார் ஓட்டுநர். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. இரவெல்லாம் கால் மடக்கிக் கிடந்தவர் மறுநாள் மலைப்பாதையில் ஓட்டுகிறார் என்பதை, ஓட்டுநரே போதும் என்று வாதிப்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மேலும், தாமே ஓட்ட வேண்டுமென்று வருகிறவரைத் தடுக்க நமக்கு முகமில்லை. நம்மவர் வெளிநாடு சென்றால் அதைத்தானே செய்கிறார்கள்? மதுரையிலிருந்து விமானமேறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அங்கே வண்டியோட்ட விரும்பும் மதுரை வாசி, நமது போக்குவரத்து ஆபீசில் சர்வதேசப் பத்திரம் பெற்று, அதற்கு அந்நாட்டாரின் அங்கீகாரமும் பெற்றே வண்டியைத் தொடுகிறார். இங்கிலாந்தில் நம் லைசென்ஸைக் கொண்டே ஒரு வருஷம் ஓட்டலாம். ஆனால் அங்கே வாடகை வண்டி கேட்டால், எந்த நஷ்டத்தில் எவ்வளவு யார் தலையில் என்று அச்சிட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்காமல் சாவி வெளியே வராது. மூன்றாம் கக்ஷி இன்ஷூரன்ஸை அவர்கள் 1930-ஆம் வருஷத்துச் சட்டத்தில் கட்டாயமாக்கினார்கள். நம் நாட்டில் 1939-ஆம் வருஷத்துச் சட்டம் அதனை எழுதி வைத்தும், அந்தப் பகுதி அமுலுக்கு வந்தது 1946-ஆம் வருஷம் ஜூலையில்தான். அன்று தொடங்கிய தாமதத்தை இன்னும் நாம் கைவிட்டபாடில்லை போலும்.

நாம் கேட்பது இதுதான். மோட்டார் சைக்கிளுக்கு ஐந்து என்று வைத்த சர்க்கார் காருக்கும் ஐந்து என்று வைக்கட்டும். அதுவும் கூடாதென்றால், ஒன்றும் இரண்டும் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, எல்லா வண்டிகளையும் ஒன்றாகக் கணக்கிட்டு ஒரே லைசென்ஸ் பெற இடம் கொடுக்கட்டும். பொறுப்பைச் சங்கம் ஏற்கும். இன்ஷூரன்ஸும் உண்மையான இன்ஷூரன்ஸாக இருக்கும். திட்டத்தைத் திருத்துவது டில்லியின் கையில் உள்ளது. ஆனால் டில்லி திருத்தும் வரையில் மதுரை அதிகாரிகள் சும்மா இருக்க வேண்டுவதில்லை. ரயிலடியிலும் மாட்டுத்தாவணியிலும் விமான நிலையத்திலும் மூன்று பலகைகளின் நிறத்தையும் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி, ‘நீரே ஓட்டுவதானால் கறுப்புப் பலகை, பாஸ்போர்ட்டை யாரிடமும் பிணை கொடாதீர்’ என்று ஒரு விளம்பரம் மாட்டலாம். லைசென்ஸ் பெற்றவர்களின் ஜாபிதாவை அதன் கீழே ஒட்டலாம். இதற்கு ஆகும் செலவு சொற்பமே.

விடுதி நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. விருந்தினர் வண்டி கேட்டால், தெரிந்தவர் ஒருவருடைய டெலிபோன் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கை கழுவிக்கொள்வது தர்மமாகாது. அந்த நம்பரால் வரும் வண்டியின் பலகையை வாசலில் நின்று ஒருமுறை பார்த்தால் போதும்.

இந்தக் கோரிக்கைகளை விண்ணப்பமாக எழுதி, டில்லி போக்குவரத்து மந்திரி காரியாலயத்துக்கும் சென்னைப் போக்குவரத்துக் கமிஷனருக்கும் அனுப்ப உத்தேசித்திருக்கிறோம். மாதத் தவணையைப் பற்றிச் சொன்ன அந்த இளைஞர், தம் பெயரை வெளியிடலாகாது என்னும் நிபந்தனையுடன், விண்ணப்பத்தில் முதல் கையெழுத்திட இசைந்திருக்கிறார். “வெளியிடாமல் கையெழுத்து எப்படி, தம்பி?” என்று கேட்டோம். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். வண்டி வைத்திருப்போரும், வாடகை வண்டியால் நஷ்டமடைந்தோரும், கையெழுத்திட விரும்பினால் இம்மாத முடிவிற்குள் நமது காரியாலயத்துக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் வரலாம்.